விவசாயிகள் பயிற்சியை மொபைலில் கண்காணிக்க எந்த ஆப் நல்லது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் 40 கிராமங்களில் மக்காச்சோள விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்தும் சின்னத் தொண்டு நிறுவனம் உங்களுடையது. களப்பணியாளர்கள் எட்டே பேர். நிதி தருகிறவர்கள் இந்த வருடம் முதல் "டிஜிட்டல் மானிட்டரிங்" கட்டாயம் என்கிறார்கள். எந்த ஆப் வாங்கலாம்? கேள்வியாக இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "ரிப்போர்ட்டில் எல்லா ஊரிலும் வருகை நூறு சதவீதம், காட்டுக்குள் போய்ப் பார்த்தால் போன வருசம் மாதிரியேதான் மருந்து அடிக்கிறார்கள்." நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பயிற்சி நடந்ததா என்று பார்ப்பதற்கு ஆப் நிறைய இருக்கிறது. பயிற்சி பலித்ததா என்று பார்க்க, யாராவது ஒருவர் மொபைலோடு காட்டுக்குள், அதாவது விளைநிலத்துக்குள், இறங்கித்தான் ஆக வேண்டும். எந்த ஆப் என்பது அதற்குப் பிறகு வருகிற, ஒப்பீட்டளவில் சுலபமான கேள்வி.

முதலில் என் கதை இரண்டு வரியில். கிராம அளவில் வேளாண் விரிவாக்கப் பணியில், அதாவது விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலையில், 11 வருடம் இருந்தேன். பிறகு தொண்டு நிறுவனங்களின் பயிற்சித் திட்டங்களைக் கண்காணித்துக் கணக்குச் சொல்லும் வேலையில் 14 வருடம். நான் கையாண்டதெல்லாம் ஐம்பது, அறுபது கிராமம் வரைதான். மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பேரைப் பதிவு செய்யும் அமைப்பை நடத்திய அனுபவம் இல்லை. அந்த அளவுக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். உங்கள் அளவுக்குப் பொருந்தும்.

பொய்யான வருகைப் பதிவு என்பது புதிதாக முளைத்த வியாதி இல்லை. 1970களில் டேனியல் பெனோர் வடிவமைத்து உலக வங்கி பல நாடுகளில் பரப்பிய "பயிற்சியும் பார்வையிடலும்" முறையில், கிராம அளவிலான ஊழியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்த நாளில் குறித்த ஊருக்குப் போக வேண்டும். போனாரா என்பதற்குச் சாட்சி அவர் எழுதும் டூர் டைரி. மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் முப்பது நாளையும் எழுதி முடித்த டைரிகளை என் சீனியர்கள் சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறார்கள். ஜி.பி.எஸ். முத்திரை குத்திய குரூப் போட்டோவும் கொஞ்சம் நவீனமான டூர் டைரிதான்.

ஒரு சம்பவம். பத்து வருடத்துக்கு முன்னால் நான் இருந்த ஒரு திட்டத்தில் ஒரு ஊரில் 42 பேர் பயிற்சிக்கு வந்ததாகப் பதிவேடும் போட்டோவும் வந்தன. போட்டோவில் பேனர், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் பச்சைத் துண்டு போட்ட பெரியவர். எல்லாம் சரி. அடுத்த வாரம் இன்னொரு ஊர் போட்டோவிலும் அதே பச்சைத் துண்டுப் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவராகக்கூட இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு செலவுக் கணக்கைப் பார்க்கும்போது டீக்கடை பில் கண்ணில் பட்டது: 42 பேர் வந்த ஊரில் 22 டீ, 22 வடை. பயிற்சிக்கு வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்புகிற ஊர் இந்தப் பக்கத்தில் கிடையாது. எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காததை டீ மாஸ்டரின் துண்டுச்சீட்டு சொல்லிவிட்டது. இப்போதும் வருகை எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் முதலில் பில்லைத்தான் கேட்பேன்.

போட்டோவை நம்பலாமா என்பதில் தொழில்நுட்பரீதியாக உறுதியாகச் சொல்ல முடிந்தவை சில உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், படத்துக்குள் பதிந்திருக்கும் இடம், நேரம் போன்ற மறைவிவரங்கள் உதிர்ந்துவிடும். குரூப்பில் வந்து குவியும் போட்டோக்கள் எங்கே, எப்போது எடுத்தவை என்று யாரும் சரிபார்க்க முடியாது. இடத்தையும் நேரத்தையும் படத்தின் மேலேயே அச்சடிக்கும் கேமரா ஆப்களும் மொபைல் சொல்வதைத்தான் அச்சடிக்கின்றன; மொபைலின் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெட்டவெளியில் சாதாரண மொபைலின் ஜி.பி.எஸ். நாலைந்து மீட்டர் முன்பின் சரியாக இருக்கும், சமுதாயக்கூடத்துக்குள் போனால் தடுமாறும். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 64 மீட்டர் வரும். நடுக்காட்டில் நின்று புள்ளி எடுத்தால் அது அந்தக் காடுதான் என்று சொல்லலாம். வரப்பில் நின்று எடுத்தால் பக்கத்துக்காரர் காடாகவும் இருக்கலாம்.

இது ஏதோ சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நூறு நாள் வேலையில் 2021இல் வந்த மொபைல் வருகைப் பதிவு, 2023 ஜனவரி முதல், தனிநபர் பயனாளி வேலைகளைத் தவிர, எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு போட்டோ, இடக்குறியுடன். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் ஆட்கள் எண்ணிக்கையும் பதிவும் பொருந்தவில்லை என்று. சரிபார்க்கும் வழியாகக் கடைசியில் அவர்கள் சொன்னது, படங்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான்.

அப்படியானால் கேமராவால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், தேதியும் நேரமும் மாற்ற முடியாத கேமராவைக் கொடுத்து, பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு மாணவர் ஆசிரியரைப் படமெடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம். ஆசிரியர் வராத நாள்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தன. பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு அது. அதே பகுதியில் அரசு செவிலியர்களுக்கு நேர முத்திரை இயந்திரம் வைத்தபோது, முதல் சில மாதம் நன்றாக வேலை செய்தது. பிறகு நிர்வாகமே "இன்று விலக்கு" என்று நாள்களைத் தள்ளிக்கொடுக்க ஆரம்பித்தது. 18 மாதத்தில் பலன் முழுவதும் கரைந்துபோனது. இரண்டிலும் கருவியின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கருவி சொன்னதற்கு மேலே இருப்பவர் மதிப்புக் கொடுத்தாரா என்பதில்தான் வித்தியாசம். நீங்களும் ஆப் வாங்கும் முன், "ஒரு ஊரில் பயிற்சி நடக்கவில்லை என்று தெரிந்தால் என்ன செய்யப் போகிறோம்?" என்று உங்கள் இயக்குநரிடம் கேட்டுவிடுங்கள். பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். பணம் மிச்சம்.

சரி, எதைப் பார்ப்பது? பயிற்சி மதிப்பீட்டில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பிரித்த நான்கு படிகள் இன்றைக்கும் உதவும்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டாரா, செய்கிறாரா, பலன் கிடைத்ததா. முதல் படியில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நம் ஊரில் பயிற்சி முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. வீட்டுக்கு வந்தவரிடம் காபி நல்லா இல்லை என்று சொல்லுவோமா?

இரண்டாவது படிக்கு, மொபைலே வராத காலத்தில் உருவான ஒரு முறையை விட நல்லதை நான் இன்னும் பார்க்கவில்லை. 1989இல் இந்தோனேசியாவில், கண்டபடி பூச்சிமருந்து அடித்ததால் நெல்லில் புகையான் பூச்சி வெடித்துக் கிளம்பிய அனுபவத்துக்குப் பிறகு, விவசாயிகள் வயலிலேயே கற்கும் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. அங்கே பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைக்கும் பரீட்சைக்கு ஓட்டுப்பெட்டித் தேர்வு என்று பெயர். பேப்பர் கிடையாது. வயலிலேயே வரிசையாக அட்டைகளை நடுவார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கேள்வி, அதிலிருந்து ஒரு நூல் போய் நிஜப் பூச்சியிலோ நிஜ இலையிலோ முடியும், கீழே மூன்று பதிலுக்கு மூன்று பெட்டி. விவசாயி தன் எண் எழுதிய சீட்டை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த அட்டைக்கு நகர்வார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் கேள்வியை வாசித்தால் போதும். மக்காச்சோளத்துக்கு நான் வைத்த கேள்வி ஒன்று: சின்ன டப்பாவுக்குள் இரண்டு புழு. எது மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு? தலையில் ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்த மாதிரிக் கோடும், பின்பக்கம் சதுரமாக நான்கு புள்ளியும் இருப்பதுதான் என்று பயிற்சியில் சொல்லியிருப்போம். பயிற்சிக்கு முன் பாதிப் பேர் கூடத் தேறாத ஊர்கள் உண்டு. மொபைலின் வேலை இங்கே சின்னது: எண்ணும் விடையும் பதிவாக வேண்டும், முன், பின் வித்தியாசம் ஊர்வாரியாக வர வேண்டும். அதற்கு எந்தப் படிவ ஆப்பும் போதும். இருட்டறையில் ஸ்லைடு போட்டு "படத்தில் உள்ளது எது" என்று கேட்கும் வினாடிவினா ஆப்கள் எனக்கு ஒத்துவரவில்லை. திரையில் புழு உள்ளங்கை அளவு தெரிகிறது. செடியில் அது குருத்துக்குள் எச்சத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது படி, அதாவது செய்கிறாரா என்பதில்தான் உங்கள் பணமும் ஆளும் நேரமும் போக வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: "பயிற்சி முடிந்து 30ஆம் நாள் தொடர்பார்வை" என்று காலண்டரில் குறிப்பது. மக்காச்சோளத்துக்குப் பயிற்சித் தேதி தெரியாது. விதைத்த தேதிதான் தெரியும். புரட்டாசியில் மழை பார்த்து விதைக்கிற ஊரில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் மூன்று வாரம் வித்தியாசம் இருக்கும். விதைத்து 15லிருந்து 20 நாளில் குருத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டம். 60 நாளில் போய் "குருத்தில் புழு பார்த்தீர்களா" என்று கேட்டால் கதை சொல்லத்தான் செய்வார்கள். ஆகவே பதிவுப் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரே வேளாண் விவரம் விதைப்புத் தேதி. அதை ஒரு போன் போட்டுக் கேட்டுப் பதிந்துவிட்டால், யார் காட்டுக்கு எந்த வாரம் போக வேண்டும் என்று விரிதாளே கணக்குப் போட்டுக் கொடுக்கும். டிஜிட்டல் கருவியால் கிடைக்கும் உண்மையான லாபம் என்று நான் கருதுவது இதை. நோட்டில் 1,200 பேருக்கு இதைச் செய்ய முடியாது.

காட்டில் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம் போதும். நேர்த்தி செய்த விதையா என்று விதைப்பையைக் காட்டச் சொல்லுங்கள். அந்துப்பூச்சியைப் பிடிக்க ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி சொல்லியிருந்தால், எத்தனை நிற்கிறது, உள்ளே பூச்சியை இழுக்கிற வாசனைப் பொருளான லூரை எப்போது மாற்றினார் என்று பாருங்கள். பொறி நிற்கும், உள்ளே காய்ந்துபோன பழைய லூர் தொங்கும்; பயிற்சிக்கு வந்ததற்குச் சாட்சியாக அது நிற்கிறது, வேலை செய்யவில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: "அண்ணே, மருந்து அடிக்கிறதா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். பயிற்சி மனதில் ஏறியவர் காட்டுக்குள் கோணல்மாணலாக நடந்து ஐந்து இடத்தில் நின்று செடிகளை எண்ணுவார். ஏறாதவர் வரப்போரச் செடியைக் காட்டி "பாருங்க, எல்லாம் ஓட்டை" என்பார். இதில் போட்டோ எடுக்க வேண்டியது பிரித்த குருத்தையும் பொறிக்குள் இருக்கும் லூரையும். ஆட்களின் முகத்தை எடுக்கத் தேவையில்லை.

எல்லோர் காட்டுக்கும் போக வேண்டுமா என்றால், வேண்டாம். தொழிற்சாலைகளில் சரக்கின் தரம் பார்க்க 1920களில் உருவாகி, பிறகு பொதுச் சுகாதாரத்தில் பரவிய மாதிரியெடுப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது; சிலரை மட்டும் பார்த்து மொத்தத்தைப் பற்றி முடிவு செய்யும் முறை. ஒரு பகுதிக்கு 19 பேரை மட்டும் குலுக்கலில் எடுத்தால் போதும். இலக்கு 80 சதவீதம் பேர் செய்ய வேண்டும் என்று வைத்தால், 19இல் 13 பேராவது செய்திருக்க வேண்டும். 12 அல்லது குறைவென்றால் அந்தப் பகுதி இலக்கைத் தொடவில்லை என்று முடிவு செய்யலாம். உண்மையில் 80 சதவீதம் செய்கிற பகுதியைத் தப்பாகத் தோற்றது என்று சொல்லிவிடும் வாய்ப்பும், 50 சதவீதம்தான் செய்கிற பகுதியைத் தேறியது என்று சொல்லிவிடும் வாய்ப்பும் இரண்டுமே பத்தில் ஒன்றுக்குக் குறைவு. உங்கள் எட்டுப் பணியாளர்களுக்கும் ஆளுக்கு ஐந்து ஊர் என்றால், ஒவ்வொருவர் பகுதியிலும் 19 பேர், மொத்தம் 152 காடு. இரண்டு பேர் நாளைக்கு எட்டு எட்டாகப் பார்த்தால் பத்து நாள் வேலை. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வரும் சதவீதம் ஏறக்குறைய 8 புள்ளி முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் துல்லியம் கேட்காதீர்கள். குலுக்கலை அலுவலகத்தில் செய்யுங்கள். பார்வைக்கு அந்தந்தப் பணியாளரை அனுப்பாமல் பகுதி மாற்றி அனுப்புங்கள். எந்த ஊர்க் காட்டைக் காட்டினால் பெயர் கெடாது என்று எல்லாப் பணியாளருக்கும் தெரியும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.

இப்போது ஆப். கூகுள் படிவம் வேண்டாம், சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்ப முடியாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓ.டி.கே. (ஓப்பன் டேட்டா கிட்), அதன் வழியில் வந்த கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவ ஆப்கள் இரண்டும் இணையம் இல்லாமல் நிரப்பிக்கொண்டு, ஊருக்குத் திரும்பி சிக்னல் வந்ததும் அனுப்ப விடுபவை. படிவத்தை எக்ஸெல்லில் தமிழிலேயே எழுதலாம். முன்பே பதிந்த விவசாயிகள் பட்டியலைப் படிவத்துக்குள் இணைத்து, எண்ணை அடித்தால் பெயரும் ஊரும் தானாக வரும்படிச் செய்யலாம். உங்கள் அளவுக்கு கோபோவே தாராளம். லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு இலவசத் திட்டமும் உண்டு. லட்சக்கணக்கில் விலை சொல்லி, வண்ண வண்ண வரைபடத்தோடு டேஷ்போர்டு காட்ட வருகிறவர்களிடம், "இது காட்டில் நெட் இல்லாமல் வேலை செய்யுமா, நாளைக்கு உங்களை விட்டால் எங்கள் தரவை முழுசாக எக்ஸெல்லில் எடுத்துக்கொள்ளலாமா?" என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

கருவியை விடப் படிவத்தின் நீளம்தான் எல்லாவற்றையும் கெடுக்கும். நானே கெடுத்திருக்கிறேன். ஒரு திட்டத்துக்கு 64 கேள்வியில் ஒரு படிவம் செய்தேன். சாதியிலிருந்து கிணற்று ஆழம் வரை, பின்னால் உதவுமே என்று. இந்த ஆப்களில் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நொடி ஆனது என்று பதியும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால், ஒரு பணியாளர் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒரே புள்ளியில், ஏழு ஏழு நிமிட இடைவெளியில் 14 படிவம் நிரப்பியிருக்கிறார். உண்மையில் கேட்டால் ஒரு படிவத்துக்கு 35 நிமிடம் ஆகும். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பில் மெமோ கொடுத்தேன். மறுநாள் கூட்டத்தில் அந்த அம்மா, என்னைவிட வயதில் மூத்தவர், நிதானமாகச் சொன்னார்: "சார், அறுபத்திநாலு கேள்விக்கும் அந்த மனுசன் நின்னு பதில் சொன்னா, கரண்டு போறதுக்குள்ள எப்ப தண்ணி கட்டுறது? முதல் நாலு பேருகிட்ட கேட்டேன். அஞ்சாவது ஆளு எழுந்திரிச்சுப் போயிட்டாரு." மெமோவை வாங்கிக் கிழித்துவிட்டு, படிவத்தை 11 கேள்வியாக்கினேன். அதன் பிறகு நேரப் பதிவைப் பணியாளரைப் பிடிக்கப் பயன்படுத்துவதில்லை. எந்தக் கேள்வியில் எல்லோருமே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் திறக்கிறேன். அது கேள்வி சரியில்லை என்பதற்கு அடையாளம்.

ஆள் அடையாளம் இன்னொரு தலைவலி. ஒரே ஊரில் மூன்று செல்வராசு இருப்பார். ஒரு பதிவில் செல்வராஜ், அடுத்ததில் ரா. செல்வராசு. ஆதார் எண்ணைக் கேட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். உங்களுக்கு அது தேவையில்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பும் உங்கள் தலையில் கூடுதலாக ஏறும். மேலும், ஆதார் கேட்டதும் இது மானியத்துக்கான பதிவு என்று ஊரே நினைத்துக்கொள்ளும். மானியம் வரும் என்று நினைத்தவர் பொறி வைக்காவிட்டாலும் வைத்ததாகத்தான் சொல்வார். நீங்களே ஓர் எண் கொடுத்து, கையடக்கமான அட்டையில் க்யூஆர் குறியோடு அச்சடித்துக் கொடுங்கள். போன் நம்பரையும் அடையாளமாக நம்ப வேண்டாம். கொடுக்கிற நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும், ஓ.டி.பி. அவனுக்குப் போகும். இன்னும் ஒன்று: பயிற்சிக்கு வந்து உட்காருவது அம்மா, மருந்துக்கடையில் நின்று மருந்து வாங்குவது அப்பா. வந்தவர் யார், மருந்து வாங்குகிறவர் யார், பட்டா யார் பேரில், குத்தகைக்கு ஓட்டுகிறவர் யார் என்று நான்கும் வேறு வேறு ஆளாக இருக்கலாம். படிவத்தில் முதல் இரண்டைக் கேளுங்கள். எங்கள் திட்டம் ஒன்றில் பயிற்சி காட்டுக்கு ஏன் போகவில்லை என்பதற்கு அந்த ஒரு கேள்விதான் விடை கொடுத்தது. பிறகு மருந்துக்கடைக்காரர்களையும் ஒரு நாள் கூட்டி உட்கார வைத்தோம்.

போனில் கூப்பிட்டு விசாரித்தால் போதாதா என்று தோன்றலாம். தானியங்கிக் குரல் அழைப்பு மலிவுதான், ஆனால் "ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்" வருவதற்குள் பலர் வைத்துவிடுவார்கள். எடுப்பவர்கள் ஏற்கெனவே உங்கள்மேல் அக்கறை உள்ளவர்கள் என்பதால் விடை ஒரு பக்கம் சாயும். தெரிந்த குரலில் ஒரு பெண் பணியாளர் ராத்திரி ஏழு மணி வாக்கில், சீரியலுக்கு முன்னால் கூப்பிட்டால் ஓரளவு எடுக்கிறார்கள். விதைப்புத் தேதி கேட்க, கூட்டம் நினைவூட்ட இது போதும். செய்தாரா இல்லையா என்பதைப் போனில் கேட்டு எழுதிய எண்ணிக்கை எதையும் நான் ரிப்போர்ட்டில் போடுவதில்லை.

தரவு திரும்பி ஊருக்கு வர வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். 2006இல் பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஒரு முயற்சியாகத் தொடங்கிப் பிறகு தனி அமைப்பான டிஜிட்டல் கிரீன், உள்ளூர் விவசாயிகளை வைத்தே வீடியோ எடுத்து சின்ன புரொஜெக்டரில் போட்டுக் காட்டியது. அவர்கள் பதிவு முறையில் எனக்குப் பிடித்தது: யார் எந்த வீடியோவுக்கு வந்தார், என்ன கேள்வி கேட்டார், பிறகு எதைச் செய்தார் என்று ஆள்வாரியாகப் பதிந்தார்கள், அதுவும் இணையம் விட்டு விட்டு வரும் இடங்களுக்கென்றே செய்த மென்பொருளில். கேட்ட கேள்வியைப் பதிவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் "பொறியில் விழுந்த அந்துப்பூச்சியை எண்ணிட்டு என்ன செய்யணும்?" என்று ஆறு ஊரில் ஒரே கேள்வி வந்திருந்தால், அடுத்த பயிற்சியில் எதை மாற்ற வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். உங்கள் பணியாளர்களுக்கு மாதம் ஒரு முறை, அவரவர் பகுதி 19இல் எத்தனை என்று ஒரே ஒரு தாளில் கொடுங்கள். தரவரிசை போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஒட்டிய மறுமாதமே எல்லோருக்கும் 19க்கு 19 வந்துவிடும்.

நான்காவது படி, பலன். உங்கள் நிதியாளர் "பயிற்சியால் மகசூல் எத்தனை சதவீதம் கூடியது" என்று நிச்சயம் கேட்பார். இதில் என்னால் உறுதி சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது என்பதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன இந்தோனேசிய வயல்வெளிப் பள்ளிகளையே 1990-91இலும் 1998-99இலும் ஒரே குடும்பங்களிடம் கணக்கெடுத்து ஆராய்ந்த உலக வங்கி ஆய்வாளர்கள், மகசூலிலோ பூச்சிமருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க விளைவைக் காண முடியவில்லை என்று எழுதினார்கள். வேறு ஆய்வுகள் மருந்துச் செலவு குறைந்தது என்கின்றன. அத்தனை பெரிய திட்டத்திலேயே இந்த நிலை. ஒரே பருவத்தில், மானாவாரியில், ஐப்பசி மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் மகசூல் தலைகீழாகிற இடத்தில், 152 காட்டை வைத்துப் பயிற்சியின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. மருந்து அடித்த தடவைகளும் அதற்கான செலவும் என்று இரண்டை மட்டும், கடைப் பில்லோடு கேட்டுப் பதியுங்கள். அவற்றில் மாற்றம் வந்தால் அதைச் சொல்லலாம், பயிற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற அளவோடு.

இந்தப் பருவத்துக்குச் செய்வதென்றால் ஆவணிக்குள் மூன்று படிவமும் தயாராக வேண்டும்: ஆள் பதிவு ஒன்று, பயிற்சி நாளுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. 40 ஊரிலும் ஒரே நாளில் தொடங்காமல் மூன்று ஊரில் இரண்டு பணியாளரை வைத்து ஓட்டிப் பாருங்கள், அதில் ஒருவர் மொபைலோடு அதிகம் பழகாதவராக இருக்கட்டும். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, உச்சிவெயிலில், தலைக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் நின்று நிரப்பச் சொல்லுங்கள். திரை தெரிகிறதா, வியர்வைக் கையில் தொடுதிரை கேட்கிறதா, பட்டியலில் பெயர் சட்டென்று கிடைக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடியவில்லையென்றால் எந்தக் கேள்வியை வெட்டலாம் என்று அந்தப் பணியாளரிடமே கேளுங்கள். படிவத்தை எனக்கு அனுப்பினாலும் பார்த்துச் சொல்கிறேன். என் வேலை பெரும்பாலும் அதில் பாதியை அடிப்பதாகத்தான் இருக்கும்.